காலியிடம் இல்லை, ஆளும் இல்லை: ஒரு வட்ட மருத்துவமனைப் பிரசவ வார்டின் ஓராண்டு

தமிழ்நாட்டின் வட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் 2023 ஜனவரியிலிருந்து ஓராண்டுக் காலம் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அப்போது அங்கே மருத்துவ அலுவலராகவும், மருத்துவமனையின் தரப் பணிகளுக்குப் பொறுப்பாகவும் இருந்தேன். ஊர், மாவட்டம், ஆட்கள் எதையும் அடையாளம் காட்டவில்லை. செவிலியர் பற்றாக்குறையோடு தினமும் மல்லுக்கட்டும் வேறு மருத்துவமனைகளுக்கு இதில் சில விஷயங்கள் உதவலாம். சில விஷயங்கள் எங்களுக்கே உதவவில்லை. இரண்டையும் எழுதுகிறேன்.

பின்னணி

மருத்துவமனையில் சீமாங் மையம் உண்டு. சிசேரியன், ரத்தம் ஏற்றுதல், பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு மூன்றும் 24 மணி நேரமும் கிடைக்க வேண்டிய இடம் அது. மாதத்துக்கு 120 முதல் 150 பிரசவங்கள் நடந்தன. அடுத்த பெரிய இடமான மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பிரசவங்கள் சில ஆண்டுகளாகவே மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. சுற்றியுள்ள 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று மூன்று செவிலியர்கள் இருந்தார்கள். ஆனால் ரத்தமும் ஸ்கேனும் சிறப்பு மருத்துவரும் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் குடும்பங்கள் வந்தன. ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, முந்தைய சிசேரியன் என்றால் கிராம சுகாதார செவிலியரே எங்களிடம் அனுப்பிவிடுவார். இதில் முந்தைய சிசேரியன் என்பது சின்னக் கூட்டம் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் விகிதம் 2015-16-இல் 34.1 சதவீதம், 2019-21-இல் 44.9 சதவீதம். ஒருமுறை வயிற்றைத் திறந்தவர் அடுத்த பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து வரும் தாய்க்கு, சுகப்பிரசவமான தாயைவிடச் செவிலியரின் நேரம் பல மடங்கு தேவைப்படும். பணியிடங்களோ படுக்கை எண்ணிக்கையை வைத்து எப்போதோ அனுமதிக்கப்பட்டவை.

ஆள் கணக்கு

பிரசவப் பகுதிக்கு, அதாவது லேபர் வார்டும் பிரசவத்துக்குப் பிந்தைய வார்டும் சேர்ந்து, 10 செவிலியர் பணியிடங்கள். மாதாமாதம் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகும் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். எங்களுடையது இப்படிப் போனது: அனுமதிக்கப்பட்டவை 10, நிரப்பப்பட்டவை 10, காலி 0.

உண்மையில் வேலைக்கு வந்தவர்கள் ஆறு பேர். இரண்டு பேர் மகப்பேறு விடுப்பில். ஒருவர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாற்றுப்பணியில். சம்பளம் எங்கள் கணக்கில், வேலை அங்கே. ஒருவர் முதுகுத் தண்டுப் பிரச்சினையால் நீண்ட மருத்துவ விடுப்பில்.

அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை 1 முதல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாகத் தமிழ்நாடு அரசு உயர்த்தியது. நல்ல முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பெரும்பாலும் இளம்பெண்களே வேலை செய்யும் ஒரு பிரிவில் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு பேர் இந்த விடுப்பில் இருப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அவர்களுக்குப் பதிலாக ஆள் அனுப்பும் ஏற்பாடு மட்டும் இல்லை. விடுப்பில் இருப்பவர் பெயரில் பணியிடம் நிரம்பியிருப்பதால் அது காலியிடம் ஆகாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்புவது காலியிடங்களை. விடுப்பு ஈடுக்கென்று 30 சதவீதம் கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று இந்திய செவிலியர் மன்றத்தின் நெறிமுறை சொல்கிறது. எங்கள் பணியிட ஆணையில் அப்படி ஒரு வரி கிடையாது.

2022 டிசம்பர் வரை இந்தப் பள்ளம் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட இரண்டு செவிலியர்கள். மாநிலம் முழுவதும் இப்படி எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. எங்களிடம் இருந்த அந்த இருவரும் அன்று மாலை சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மறுநாளே ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது பணி என்ற பட்டியல், இடிந்துவிட்டது.

சரி, எத்தனை பேர்தான் வேண்டும்? ஒரு நாற்காலியில் ஆண்டு முழுவதும், இரவு பகல் எந்நேரமும் ஒரு செவிலியர் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் 8,760 மணி நேரம். ஒரு செவிலியரின் 365 நாளில் வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, பண்டிகை விடுமுறைகள் எல்லாம் கழித்தால் சுமார் 250 நாள்தான் மிஞ்சும். சராசரியாக நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 2,000 மணி நேரம். ஆக ஒரு நாற்காலிக்கு 4.4 பேர். லேபர் வார்டுக்கு ஒன்று, பிந்தைய வார்டுக்கு ஒன்று என்று இரண்டு நாற்காலி போட்டால் கிட்டத்தட்ட 9 பேர். பத்துப் பேரும் வந்தால் சமாளிக்கலாம். ஆறு பேரை வைத்துக்கொண்டு காலையில் இருவர், மதியம் ஒருவர், இரவில் ஒருவர் என்றுதான் போட முடிந்தது. இரவில் பிந்தைய வார்டைப் பொதுப் பெண்கள் வார்டின் செவிலியர் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. அந்த வார்டு கட்டடத்தின் மறு கோடியில்.

பிப்ரவரியில் ஓர் இரவு

இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு இரவு 11.50-க்குச் சுகப்பிரசவம். குழந்தை 3.4 கிலோ. ஒரு நிமிடத்துக்குள், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போடப்பட்டது. நஞ்சுக்கொடி முழுதாக வந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

பிரசவம் முடிந்த முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கருப்பை இறுக்கம், ரத்தப்போக்கு நான்கையும் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்த பெண் தலைப்பிரசவம், கருப்பை வாய் முழுதாகத் திறந்துவிட்டது, டேபிள் தேவைப்பட்டது. 12.35-க்கு முதல் தாயைப் பிந்தைய வார்டுக்கு மாற்றினார்கள். கேஸ்ஷீட்டில் 12.40-க்கு 110/70 என்று ஒரு பதிவு இருக்கிறது. அடுத்த பதிவு 2.05-க்கு: 80/50.

இடையில் என்ன நடந்தது என்பதை நிமிடம் நிமிடமாகத் தொகுத்தோம். லேபர் வார்டில் இரண்டாவது குழந்தை பிறந்ததும் அழவில்லை. செவிலியர் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். டூட்டி மருத்துவரும் அங்கேதான். பெண்கள் வார்டில் பூச்சிமருந்து குடித்து வந்த ஒரு நோயாளிக்கு வயிற்றைக் கழுவும் வேலையில் அந்தச் செவிலியர். முதல் தாயின் பக்கத்தில் அவருடைய அம்மா மட்டும். மடித்து வைத்த புடவைத் துணி மூன்றாவது முறையாக நனைந்தபோது அவர் வராந்தாவில் ஓடி வந்திருக்கிறார்: “சிஸ்டரம்மா, துணி நனைஞ்சுக்கிட்டே இருக்கு, பிள்ளை ஒரு மாதிரியா பேசுது.”

கருப்பை தளர்ந்திருந்தது, சிறுநீர்ப்பை நிரம்பிக் கருப்பையை மேலே தள்ளியிருந்தது. சிறுநீரை வடித்து, கருப்பையை அமுக்கிப் பிடித்து, ஆக்சிடோசின் டிரிப், மிசோப்ரோஸ்டால், டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்து, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, கருப்பைக்குள் பலூன் வைத்து, அதிர்ச்சி தடுப்பு உடை போட்டு 108-இல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். கருப்பையை எடுக்க வேண்டி வரவில்லை. ஒரு வாரத்தில் தாயும் சேயும் வீடு திரும்பினார்கள்.

மெமோவா, ரோஸ்டரா?

மறுவாரம் மாவட்டத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வழக்கமான பாதை எல்லோருக்கும் தெரியும்: பதிவு விடுபட்டிருக்கிறது, ஆகவே அந்த நேரத்தில் பணியில் இருந்தவருக்கு மெமோ, பதில் திருப்தி இல்லையென்றால் 17ஏ அல்லது 17பி விதியின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை. இரண்டு செவிலியர்களில் யார் மீது போடுவது என்பது வரைக்கும் பேச்சு போனது.

தலைமை மருத்துவர் வேறு முடிவெடுத்தார். தனிநபர் விளக்கத்துக்குப் பதிலாக அன்றைய இரவின் நிமிட வரிசை, அந்த மாத ரோஸ்டர், மேலே சொன்ன 4.4 கணக்கு மூன்றையும் இணைத்து மருத்துவமனையின் பதிலாக அனுப்பினார். இதில் கருணை மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. மெமோ வாங்கிய செவிலியர் அடுத்த நாளே மருத்துவ விடுப்பில் போவது எங்கள் துறையில் நடக்கிற கதைதான். ஆறு ஐந்தாகும். அதைவிட முக்கியமாக, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாதவரைத் தண்டித்து எந்தப் பழக்கத்தைத் திருத்தப் போகிறோம்?

மாவட்டம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டது. கூடவே, “கூடுதல் பணியிடம் அரசின் கொள்கை முடிவுக்கு உட்பட்டது, இருக்கும் பணியாளர்களைக் கொண்டு சேவை தடையின்றி நடப்பதை உறுதிசெய்யவும்” என்ற பொருளில் ஒரு வரி. எதிர்பார்த்ததுதான்.

ஒரு வாரம் பார்த்தது

எந்த முடிவுக்கும் முன்னால் செவிலியரின் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க நினைத்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் பணிச்சுமை அளவிடும் முறை ஒன்று உண்டு. படுக்கையை எண்ணாமல் வேலையை எண்ணி, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று பார்த்து ஆள் தேவையைக் கணக்கிடும். அதை அப்படியே செய்ய எங்களுக்கு வசதியில்லை. எளிதாக்கி, ஒரு வாரம் எல்லா ஷிஃப்டிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செவிலியர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று ஓர் ஆள் குறித்தார்.

முதல் நாளே எதிர்ப்பு. மூத்த செவிலியர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: “சார், எங்களைக் கணக்கெடுக்குறீங்களா, வேலையைக் கணக்கெடுக்குறீங்களா?” நியாயமான கேள்வி. அதன் பிறகு தாளில் செவிலியர் பெயருக்கான கட்டத்தை எடுத்துவிட்டோம். தினமும் மாலையில் தாளை அவர்களிடமே காட்டினோம். மூன்றாம் நாள் அவர்களே “இதை எழுதிக்கோங்க” என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

தாயோடும் குழந்தையோடும் நேரடியாகச் செலவான நேரம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மீதியில் பெரும்பங்கை எழுத்து வேலை தின்றது. பிரசவப் பதிவேடு, பிறப்புப் பதிவேடு, குழந்தை அடையாளப் பதிவேடு, தடுப்பூசி, குடும்பநலம், மருந்து இருப்பு, இன்டென்ட், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கான விவரம், கர்ப்பிணிகளைக் கண்காணிக்கும் பிக்மி இணையப் பதிவு என்று ஒரே தாயின் பெயரைப் பதினொரு இடத்தில் எழுதினார்கள். அதில் நான்கில் கணவர் பெயர், முகவரி, தொலைபேசி எண் வரைக்கும். அது போக, ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு மேல், பிரசவ எண்ணிக்கையையும் ஆபத்துக் கர்ப்பிணிகளின் பட்டியலையும் கேட்டு வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து தனித்தனியாகப் போன். கேட்பது ஒரே தகவல், கேட்பவர்கள் நான்கு பேர்.

இன்னொன்று எங்களுக்கே புதிது. மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஒவ்வொரு தாயோடும் ஒரு செவிலியர் 108-இல் ஏறிப் போவது பழக்கமாகியிருந்தது. போய்த் திரும்ப மூன்று மணி நேரத்துக்கு மேல். இரவில் அதன் பொருள், லேபர் வார்டில் ஆளே இல்லை. 108-இல் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருக்கிறார்; எல்லாத் தாய்க்கும் செவிலியர் துணை தேவைப்படாது. யார் எப்போது இதை விதியாக்கினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் கட்டில். பிந்தைய வார்டிலிருந்து இரண்டு கட்டிலைத் தூக்கி லேபர் வார்டுக்குள்ளேயே, செவிலியர் மேசையிலிருந்து பார்வை படும் இடத்தில் போட்டோம். பிரசவமான தாய் முதல் இரண்டு மணி நேரம் அந்த அறையை விட்டு நகரக் கூடாது. இதற்குச் செலவு ஒரு திரைச்சீலையும், பழைய அலமாரி ஒன்றை வெளியேற்றிய கூலியும். இருந்த இடத்தில் முன்பு உடைந்த வார்மரும் காலாவதியான போஸ்டர்களும் கிடந்தன. ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் பேசும்போது கட்டட வரைபடத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு செவிலியர் நாலெட்டில் பார்க்க வேண்டியதை வராந்தா தாண்டிப் பார்க்கச் சொன்னால் அரை ஆள் அங்கேயே காணாமல் போகிறார்.

அதே கையோடு, கூட இருக்கும் அம்மாவுக்கோ அத்தைக்கோ மூன்று விஷயம் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்: துணி எவ்வளவு சீக்கிரம் நனைந்தால் கூப்பிட வேண்டும், தொப்புளுக்குக் கீழே பந்து மாதிரி இறுகியிருப்பதைத் தொட்டுப் பார்ப்பது எப்படி, சிறுநீர் கழிக்கச் சொல்லி நினைவூட்டுவது. பிரசவத் துணை என்பது நம் மாநில அரசு மருத்துவமனைகளில் வெகுகாலமாக இருக்கும் ஏற்பாடுதான். இது செவிலியருக்கு மாற்று கிடையாது என்பதை மட்டும் எழுத்திலேயே போட்டுவைத்தோம். இல்லையென்றால் அடுத்த ஆய்வில் யாராவது அதையே காரணம் காட்டி ஆளைக் குறைப்பார்கள்.

எழுத்து வேலையில், பதினொன்றை ஐந்தாகக் குறைத்தோம். சட்டப்படி வேண்டியதும் மருத்துவத்துக்கு வேண்டியதும் செவிலியரிடம். மற்றவை கேஸ்ஷீட்டைப் பார்த்து மறுநாள் பகலில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டரிடம். இரவு போன்களுக்கு ஒரே ஒரு செய்தி: இரவு எட்டு மணிக்கு ஒரு தகவல் வாட்ஸ்அப் குழுவில் போகும், அதற்கு மேல் காலை ஏழுக்குத்தான். முதல் வாரம் ஓர் அலுவலகத்துக்குக் கோபம். தலைமை மருத்துவர் தன் செல்பேசி எண்ணைக் கொடுத்து, “இனி என்னைக் கூப்பிடுங்கள்” என்றார். கூப்பிடுவது நின்றது.

108 துணைக்கு ஓர் எளிய விதி எழுதினோம்: உதிரப்போக்கு, வலிப்பு, பிரசவம் நெருங்கிய நிலை ஆகிய மூன்றுக்கு மட்டும் செவிலியர் போவார், அப்போது யார் வார்டுக்கு வர வேண்டும் என்பதும் அன்றைய ரோஸ்டரிலேயே இருக்கும்.

ரோஸ்டரில் அடி வாங்கினோம். இருந்த முறை காலை 7 முதல் 1, மதியம் 1 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7. பன்னிரண்டு மணி நேர இரவு களைப்பைத் தரும், தவறு கூடும் என்பதால் எட்டு எட்டு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட் போட்டுக் காட்டினோம். மாற்றம் இரவு 10 மணிக்கு. தாளில் மிக அழகாக இருந்தது. கூட்டத்தில் ஒரு செவிலியர் கேட்டார்: “கடைசி டவுன் பஸ் ஒன்பதேகாலுக்கு, சார். பத்து மணிக்கு டூட்டி முடிச்சா வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவா?” வளாகத்திலிருந்த செவிலியர் குடியிருப்பு, தங்குவதற்குத் தகுதியற்றது என்று பொதுப்பணித் துறை எழுதிக் கொடுத்துப் பூட்டி வைத்தது. பத்து மணிக்கு முடித்தவர் எங்கே தூங்குவார் என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. திட்டம் அன்றே கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாக, எழுத்து வேலை குறைந்ததால் காலையில் இருந்த இருவரில் ஒருவரை இரவுக்கு மாற்றினோம். காலையில் செவிலியர் கண்காணிப்பாளர், மருத்துவர்கள், மற்ற ஊழியர்கள் என்று கூட்டம் இருக்கும். இரவில்தான் யாரும் இல்லை. காலையில் ஒருவர், மதியம் ஒருவர், இரவில் இருவர். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் யாருக்கும் கிடையாது. ஆறு பேரால் இது முடியாது, ஏழு பேர் வேண்டும்.

ஏழாவது ஆள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வந்தார். பிரசவம் குறைந்துபோன நிலையங்களில் மூன்று செவிலியர்கள் இருக்க, பிரசவம் குவிந்த இடத்தில் ஆள் இல்லை என்பது யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் அவர்கள் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின் கீழ். நாங்கள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். மாற்றுப்பணி என்று கேட்டால் கோப்பு இரண்டு இயக்ககங்களுக்கும் நடுவில் நின்றுவிடும். ஆகவே கேட்ட விதத்தை மாற்றினோம். மாதத்துக்கு ஒன்றிரண்டு பிரசவம் மட்டும் பார்க்கும் செவிலியருக்குக் கை பழக்கம் விட்டுப்போகும். சுழற்சி முறையில் ஒவ்வொருவரும் ஒரு மாதம் எங்கள் லேபர் வார்டில் பயிற்சி பெறட்டும் என்று எழுதினோம். பொய்யில்லை, அவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை. மாவட்ட அளவிலேயே ஒப்புதல் கிடைத்தது. ஏப்ரலில் முதல் செவிலியர் வந்தார்.

ஜூனில் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் இரண்டு ஒப்பந்தச் செவிலியர்கள், மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில். அரசு நிரந்தரச் செவிலியர் வாங்குவதில் பாதிக்கும் குறைவு, வேலை அதேதான். இது நீடிக்காது என்று தெரிந்தே எடுத்தோம்.

ஒன்றை மட்டும் மறுத்தோம். பக்கத்துத் தனியார் நர்சிங் கல்லூரி, இரவுப் பணிக்கு இறுதியாண்டு மாணவிகளை அனுப்புவதாகச் சொன்னது. பகலில், மேற்பார்வையோடு வரட்டும் என்றோம். இரவில் தனி ஆளாக நிற்க வைத்தால் அது பயிற்சி ஆகாது. ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்பதும் தெரியாது.

பிறகு நடந்தது

முதல் மூன்று மாதங்களில் கேஸ்ஷீட்டுகளைக் குலுக்கி எடுத்துப் பார்த்தோம். முன்பு முதல் இரண்டு மணி நேரக் கண்காணிப்புத் தாள் முழுதாக நிரம்பியவை பாதிகூட இல்லை. கட்டில் மாறிய பிறகு பெரும்பாலானவை நிரம்பியிருந்தன. நேரத்தைப் பார்த்தால் உட்கார்ந்த இடத்தில் மொத்தமாக எழுதியதாகவும் தெரியவில்லை. மை மாறியது, கையெழுத்து மாறியது, எண்கள் ஏறி இறங்கின.

கூடவே ஒரு சிக்கல். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு என்று பதிவான தாய்மார்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் வரிசை சிவப்பாகத் தெரிந்தது. “ஆளும் கூட்டிக் கொடுத்தாச்சு, கேஸும் கூடுதே?” என்று கேட்டார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் முன்பு கண்ணில் படாத 600, 700 மில்லிலிட்டர் போக்கும் படும். சீக்கிரம் பிடித்ததால் பெரும்பாலானவை மருந்திலேயே நின்றன. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தவர்களின் எண்ணிக்கையும் மேலே அனுப்பியவர்களின் எண்ணிக்கையும் கூடவில்லை. இதை விளக்க இரண்டு கூட்டங்கள் ஆயின. மாதம் 150 பிரசவத்துக்குள், ஒரு சில மாதங்களில், கடுமையான உதிரப்போக்கு குறைந்துவிட்டது என்று நானும் உரிமை கொண்டாட மாட்டேன். எண்கள் அதற்குப் போதாது.

ஆட்கள் விஷயத்தில் ஏறியும் இறங்கியும் போனது. ஆகஸ்டில் ஒப்பந்தச் செவிலியர் ஒருவருக்குத் தேர்வு வாரியம் மூலம் வேறு மாவட்டத்தில் பணி கிடைத்தது, மகிழ்ச்சியாகவே அனுப்பினோம். அந்த இடம் இரண்டு மாதம் காலி. செப்டம்பரில் மாற்றுப்பணியில் இருந்தவர் திரும்பினார். மகப்பேறு விடுப்பில் இருந்த ஒருவர் வந்ததும் இன்னொருவர் போனார்.

ஆரம்ப சுகாதார நிலையச் சுழற்சி ஆறு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் தேய்ந்தது. மூன்று செவிலியர் இருக்கும் இடத்திலிருந்து ஒருவரை எடுத்தால் மீதி இருவர் மாறி மாறி இரவு பார்க்க வேண்டும். அங்கே ஒருவருக்கு டெங்கு வந்தபோது அந்த நிலையம் இரவில் பூட்டப்பட்டது. எங்கள் பள்ளத்தை அவர்கள் மண்ணால் மூடியிருந்தோம். அதன் பின் பிரசவமே நடக்காத நிலையங்களிலிருந்து மட்டும் ஆள் கேட்டோம்.

பிப்ரவரி இரவில் பணியில் இருந்த லேபர் வார்டுச் செவிலியர் அங்கேயே தொடர்கிறார். கண்காணிப்புத் தாளின் இப்போதைய வடிவம் அவர் போட்டது. சிறுநீர் கழித்தாரா என்ற கட்டத்தை ரத்த அழுத்தத்துக்கு முன்னால் வைத்தவரும் அவர்தான்.

மறுபடி செய்வதானால்

குடியிருப்பிலிருந்து தொடங்குவேன். பூட்டிய கட்டடத்தில் இரண்டு அறைகளைச் சீரமைக்கும் மதிப்பீடு, ஒப்பந்தச் செவிலியர் ஒருவரின் சில மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது. காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைக்கு வரும் தொகையிலிருந்து அதைச் செய்திருக்கலாம். படுக்க இடம் இருந்திருந்தால் எட்டு மணி நேர இரவும் சாத்தியம், அவசரத்துக்கு ஓர் ஆள் கூப்பிடு தூரத்தில் இருப்பதும் சாத்தியம். ஆள் எடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், எடுத்த ஆள் எப்படி வீட்டுக்குப் போவார் என்று கேட்பதில்லை.

மாதப் படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும்: இன்று பணியில் இருப்பவர்கள். விடுப்பு, மாற்றுப்பணி, பயிற்சி போக மிஞ்சும் எண். எங்கள் மருத்துவமனையில் அதைச் சொந்தமாகச் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தோம். மாவட்டத்தில் அது எந்தத் தொகுப்பிலும் ஏறவில்லை, ஆனாலும் அனுப்பிவந்தோம்.

மகப்பேறு விடுப்பு ஈடு என்பதைத் தனித்தனிக் கோரிக்கையாக எழுதுவதில் பயனில்லை. மாவட்டம் முழுவதற்கும் ஒரு விடுப்பு ஈட்டுக் குழு, பத்துப் பதினைந்து நிரந்தரச் செவிலியர்கள், யார் விடுப்பில் போனாலும் அங்கே போகும்படி. அலைச்சலுக்குத் தனிப்படி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் குழுவே தண்டனைப் பணியாகிவிடும். மருத்துவர்கள் விஷயத்தில் தமிழ்நாடு ஒரு பாடத்தை நடத்திக் காட்டியிருக்கிறது. அரசுப் பணியில், அதிலும் ஊரகத்தில் இருப்பவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 சதவீதம் என்ற ஏற்பாடுதான் பல ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்களை இருக்க வைத்தது. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. வட்ட மருத்துவமனையில் ஐந்தாண்டு இரவு பார்த்த செவிலியருக்கு அதற்கு இணையான எந்தப் படியும் எங்கள் கண்ணில் படவில்லை. எங்கள் ஒப்பந்தச் செவிலியர்கள் மதிய இடைவேளையில் படித்துக்கொண்டிருந்தது ஜெர்மன் மொழிப் பாடப் புத்தகம்.

நேர ஆய்வை ஆண்டுக்கு இருமுறை செய்ய வேண்டும். குறைத்த ஐந்து பதிவேடு டிசம்பரில் ஏழாகியிருந்தது. இரண்டும் புதிய திட்டங்களுக்கானவை, இரண்டிலும் கணவர் பெயர், முகவரி, தொலைபேசி எண் உண்டு. அந்த இரண்டையும் ஆபரேட்டரிடம் மாற்றும் கடிதம் தலைமை மருத்துவர் மேசையில் இருந்தபோது எனக்கு மாறுதல் வந்தது. பொறுப்பேற்றவரிடம் கண்காணிப்புத் தாள், 108 விதி, 4.4 கணக்குப் போட்ட தாள் மூன்றையும் அந்தக் கடிதத்தின் நகலோடு ஒப்படைத்தேன்.